‘ஆட்கொல்லி’ என்று இனியும் எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் வந்த ஒரு செய்தியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கணவன், மனைவி இரண்டு பேருக்கும் எச்.ஐ.வி. இருப்பது ஊருக்குத் தெரிந்துபோய், அந்தக் குடும்பம் வாடகை வீடுகூடக் கிடைக்காமல் அலைந்ததைப் பற்றிய செய்தி. எழுதிய நிருபர் இரக்கத்தோடுதான் எழுதியிருக்கிறார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தலைப்பில் ‘ஆட்கொல்லி நோய்’, உள்ளே ‘உயிர்க்கொல்லி’, கடைசிப் பத்தியில் ‘எய்ட்ஸ் நோயாளிகள்’, போதாததற்கு எங்கிருந்தோ எடுத்துப் போட்ட எலும்பும் தோலுமான ஒரு ஆளின் படம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் கொங்குப் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தருகிற நம்பிக்கை மையத்தில் ஆய்வக நுட்பநராக 16 வருடம் வேலை பார்த்தவள். இப்போது வேலையில் இல்லை. எந்த ஊர் என்று எழுதவில்லை, என் பெயரையும் போட வேண்டாம். என்னை அடையாளம் தெரிந்தால் என்னிடம் வந்து போனவர்களையும் யாராவது யூகித்துவிடுவார்கள். கீழே சொல்கிற ஆட்களின் விவரத்தையும் அதனால்தான் கொஞ்சம் மாற்றியே எழுதுகிறேன்.

எங்கள் மையத்தில் முடிவைச் சொல்வது, ஆலோசனை தருகிற ஆற்றுநரின் வேலை. நான் ரத்தம் எடுப்பேன், சோதிப்பேன், எழுதி உள்ளே கொடுத்துவிடுவேன், அவ்வளவுதான். ஆனாலும் ஆற்றுநரிடம் பேசிவிட்டு வெளியே வருகிறவர்கள் என் மேஜைக்கு முன்னால் வந்து ஒரு நிமிடம் நிற்பார்கள், ஊசி போட்ட கை என்பதால் ஒரு பழக்கம் வந்துவிடும் போலிருக்கிறது. அப்போது கேட்கிற கேள்வி பத்தில் எட்டுப் பேருக்கு ஒன்றேதான். “ஏனுங்க்கா, இன்னும் எத்தனை நாளைக்குங்க?” மருந்து இருக்கிறதா என்று முதலில் கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. நாள் கணக்கைத்தான் கேட்பார்கள். இந்தக் கேள்வியை அவர்கள் வாயில் வைத்தது யார் என்று நான் பல ராத்திரி யோசித்திருக்கிறேன். சுவரில் மண்டை ஓடு வரைந்து எய்ட்ஸ் என்று எழுதியிருந்த காலத்தை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பார்கள், சினிமா பார்த்தோம், பட்டிமன்றம் கேட்டோம், தினமும் காலையில் பேப்பரும் படித்தோம்.

‘ஆட்கொல்லி’ என்ற வார்த்தை ஒரு காலத்தில் உண்மையாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. இந்தியாவில் இந்தக் கிருமி முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே நம் சென்னையில்தான், 1986-ல். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த டாக்டர் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் கொடுத்த ஆய்வுக்காக, காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் சேகரித்தார். அதைச் சோதிக்கிற வசதி அப்போது சென்னையில் கிடையாது. கணவரையும் கூட்டிக்கொண்டு, மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து, ராத்திரி ரயிலில் காட்பாடி போய், வேலூர் சி.எம்.சி.யில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே சோதித்தபோது 6 மாதிரிகள் மஞ்சளாக மாறின, கிருமி இருக்கிறது என்று அர்த்தம். இங்கெல்லாம் அந்த நோய் வராது என்று நாடே நம்பிக்கொண்டிருந்த நேரம் அது. எனக்குப் பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னார்கள். எதிர்ப்புச் சக்தியை அளக்கிற சி.டி.4 சோதனைக்காக ரத்தக் குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கி மாவட்டத் தலைநகருக்கு பஸ் ஏற்றி அனுப்புகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த ரயில் ஞாபகம் வரும்.

அதற்குப் பிறகு வந்த பத்துப் பதினைந்து வருடம் கொடுமையான காலம். 1996 வாக்கிலேயே மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் படுத்துக் கிடக்கிற ஆள் எழுந்து நடக்கிறார் என்று தெரிந்துவிட்டது, ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு வருடத்து மருந்து 10,000 டாலருக்கு மேல். நம் ஊர்க்காரர் யார் வாங்க முடியும்? 2001-ல் மும்பையின் சிப்லா நிறுவனம் அதே கூட்டு மருந்தை வருடத்துக்கு 350 டாலருக்குத் தருகிறோம் என்று முன்வந்தது, அதிலிருந்து விலை சரிய ஆரம்பித்தது. 2004 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியது, முதலில் திறந்த சில மையங்களில் நம் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அப்போதும் எல்லோருக்கும் கிடைக்காது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் காட்டுகிற சி.டி.4 அணுக்கள் 200-க்குக் கீழே போனால்தான் மாத்திரை. நல்ல நிலையில் இருக்கிற ஆளுக்கு அது 500-க்கு மேல் இருக்கும். அதாவது நோய் முற்றி, காசநோயோ வாய்ப்புண்ணோ வயிற்றுப்போக்கோ வந்து விழுந்த பிறகுதான் மருந்து. அந்த மாத்திரைகளில் ஒன்று கன்னத்தை ஒட்டவைத்து ஆளைத் தெருவுக்குக் காட்டிக்கொடுத்துவிடும், காலில் எரிச்சல் வேறு. பிறகு அந்த அளவு 350 ஆனது, 500 ஆனது, 2017-லிருந்து அளவே கிடையாது. பாசிட்டிவ் என்று தெரிந்தால் சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் மாத்திரை தொடங்கிவிட வேண்டியதுதான்.

இப்போது கொடுப்பது ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாத்திரை. டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெகிராவிர் 50, மூன்றும் அந்த ஒன்றுக்குள்ளேயே இருக்கின்றன. இந்த மருந்தைக் கொடுக்கிற அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் இலவசம். காலத்தோடு ஆரம்பித்து விடாமல் சாப்பிடுகிறவர் மற்றவர்களைப் போலவே பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து, பேரன் பேத்தி எடுத்து, வயதாகி வேறு எதனாலாவது சாகிறார். இதைத்தான் உங்கள் தலைப்பு ‘ஆட்கொல்லி’ என்கிறது.

‘எய்ட்ஸ் நோயாளி’ என்பதும் தப்பு. எச்.ஐ.வி. என்பது கிருமி. அது உள்ளே நுழைந்து, மருந்தில்லாமல் எட்டுப் பத்து வருடம் எதிர்ப்புச் சக்தியைத் தின்று தீர்த்த பிறகு வருகிற கடைசிக் கட்டத்துக்குப் பெயர்தான் எய்ட்ஸ். மாத்திரை சாப்பிடுகிற பெரும்பாலானவர்கள் அந்தக் கட்டத்தைப் பார்ப்பதே இல்லை. எச்.ஐ.வி. உள்ளவர் என்று எழுதுங்கள், போதும்.

சரி, எப்படிப் பரவுகிறது என்று ஊருக்கே தெரியும் என்று நினைக்கிறோம். தெரியாது. 16 வருடத்தில் கடைசி வருடம் வரைக்கும் என்னிடம் கொசுவைப் பற்றிக் கேட்டார்கள். கொசுவுக்குள் இந்தக் கிருமி பெருகாது, கொசு கடித்து வராது. எச்சில், வியர்வை, கண்ணீர், ஒரே டம்ளர், ஒரே கழிவறை, கட்டிப்பிடிப்பது, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது, எதிலும் வராது. வாடகை வீட்டுச் சுவரிலிருந்தும் வராது, அந்தக் குடும்பத்துக்கு வீடு தர மறுத்தவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ரத்தம், விந்து, பெண்ணுறுப்பிலும் ஆசனவாயிலும் சுரக்கிற நீர், தாய்ப்பால், இவற்றில்தான் அடுத்தவருக்குத் தொற்றும் அளவுக்குக் கிருமி இருக்கிறது. ஆணுறை இல்லாத உடலுறவு, பகிர்ந்துகொண்ட ஊசி, சோதிக்காத ரத்தம், தாயிடமிருந்து குழந்தைக்கு, இவ்வளவுதான் வழி. உறவில் ஆசனவாய் வழி உறவுக்கு ஆபத்து பல மடங்கு கூடுதல், அது ஆணும் ஆணுமாக இருந்தாலும் ஆணும் பெண்ணுமாக இருந்தாலும் ஒன்றுதான். கிருமி புதிதாக உள்ளே போன முதல் சில வாரங்களில் ரத்தத்தில் அதன் எண்ணிக்கை மிக அதிகம், அந்த ஆளுக்கே தெரியாத அந்த நாட்களில்தான் அவரிடமிருந்து எளிதாகப் பரவும்.

ஊசி என்றால் ஆஸ்பத்திரி ஊசியைத்தான் ஜனங்கள் நினைக்கிறார்கள், அங்கே இப்போது ஒருதரம் போட்டால் தூக்கி எறிகிற சிரிஞ்சுதான். எனக்குப் பயம் வேறு ஊசியைப் பற்றி. வலி மாத்திரையை வாங்கிக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிற பழக்கம் நம் பக்கத்துப் பையன்களிடமும் வந்துவிட்டது, ஒரே சிரிஞ்சை நாலு பேர் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். மிசோரத்தில் பெரியவர்களில் 100 பேருக்கு 2 பேருக்கு மேல் எச்.ஐ.வி. இருக்கிறது, நாடு முழுக்க எடுத்தால் 1,000 பேருக்கு 2 பேர்தான். அங்கே அது அவ்வளவு ஏறியதில் போதை ஊசிக்குப் பெரிய பங்கு உண்டு. போதை மாத்திரை பிடிபட்ட செய்தியை வாரம் மூன்று தடவை போடுகிறீர்களே, அதில் ஊசியைப் பகிர்ந்தால் என்ன வரும் என்று ஒரு வரி எழுதினால் அந்த வீட்டு அம்மா ஒருவராவது படிப்பார்.

இனி பரிசோதனை. இதில்தான் ஜனங்கள் ரொம்ப ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம்பிக்கை மையத்தில் கட்டணம் கிடையாது. முதலில் ஆற்றுநர் பேசுவார், நீங்கள் சம்மதித்தால்தான் ரத்தம் எடுப்போம். முடிவு பெரும்பாலும் அன்றைக்கே கிடைத்துவிடும். முதல் சோதனைக் கிட்டில் ஒன்றும் இல்லையென்றால் நெகட்டிவ் என்று கொடுத்துவிடுவோம். கிட் ரியாக்டிவ், அதாவது கிருமி இருக்கலாம், என்று காட்டினால் உடனே பாசிட்டிவ் என்று எழுத மாட்டோம். வேறு முறையில் வேலை செய்கிற இரண்டாவது கிட், அப்புறம் மூன்றாவது கிட், மூன்றும் ஒன்றையே சொன்னால்தான் பாசிட்டிவ். ஒன்றுக்கொன்று முரணாக வந்தால் இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்வோம். ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், தனியார் லேபில் ஒரே ஒரு கிட் போட்டு, ரியாக்டிவ் என்று அச்சடித்த தாளை அந்த ஆள் கையிலேயே கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் காலை 8 மணிக்கே வந்து வாசலில் நிற்பார்கள். அதில் சிலருக்கு எங்களிடம் மூன்று கிட்டும் போட்டுப் பார்த்தால் நெகட்டிவாக இருக்கும். ஒரு ராத்திரிதானே என்று யாரும் நினைக்க வேண்டாம், அந்த ஒரு ராத்திரியில் கிணற்றைத் தேடிப் போனவர்கள் உண்டு.

அதைவிட மோசம், அவசரப்பட்டு எடுத்த நெகட்டிவ். நாங்கள் கிட்டில் பார்ப்பது கிருமியை நேரடியாக இல்லை, கிருமியை எதிர்த்து உடம்பு தயாரிக்கிற எதிர்ப்பொருளை. அது தயாராக நாள் பிடிக்கும். பலருக்கு மூன்று நாலு வாரத்தில் தெரிந்துவிடும், மூன்று மாதம் போனால்தான் நிச்சயமாகச் சொல்லலாம். அந்த இடைப்பட்ட காலத்தை விண்டோ பீரியட் என்போம். தறிப்பட்டறை வைத்திருந்த ஒருவர், வெளியூரில் ஒரு லாட்ஜில் தங்கிவிட்டு வந்த ஐந்தாவது நாள் ஒரு தனியார் லேபில் சோதித்திருக்கிறார். நெகட்டிவ். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தத் தாளை லேமினேட் செய்து பர்ஸில் வைத்துக்கொண்டார். அடுத்த வருடம் கல்யாணம். மனைவி கர்ப்பமாகி மூன்றாவது மாதம் செக்கப்புக்கு வந்தபோது எங்களிடம் பாசிட்டிவ் வந்தது. அவரைக் கூப்பிட்டால், பர்ஸைத் திறந்து அந்த அட்டையை எடுத்து மேஜைமேல் வைக்கிறார். “எனக்கு இல்லீங்க, பாருங்க, இவ எங்கிருந்து கொண்டாந்தாளோ.” அந்தப் பெண்ணுக்கு 21 வயது. அவளுடைய அண்ணனே அன்றைக்கு வீட்டுக்குள் விடவில்லை. கணவர் சோதனைக்கு ஒத்துக்கொள்ளவே பத்து நாள் ஆனது. ஒத்துக்கொண்டு எடுத்தபோது மூன்று கிட்டிலும் வந்தது. என்றைக்கும் பேசிக்கொண்டே இருக்கிற மனிதர் அந்த அட்டையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

தப்பு நடந்துவிட்டது, ஊசி குத்திவிட்டது என்று உடனே தெரிந்தால் சோதனைக்கு ஓடுவதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், ஏ.ஆர்.டி. மையத்துக்கோ அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கோ போய்ச் சொன்னால், தேவையா என்று பார்த்து 28 நாள் மாத்திரை கொடுப்பார்கள், கிருமி உடம்பில் நிலைகொள்வதை அது பெரும்பாலும் தடுத்துவிடும். மருத்துவமனை ஊழியர்களுக்கும், பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கும் இது உண்டு. 72 மணி நேரம் தாண்டினால் பயன் இல்லை. எங்கள் இடத்திலேயே ஒரு தூய்மைப் பணியாளருக்குக் குப்பைப் பையைத் தூக்கும்போது ஊசி குத்திவிட்டது. ஒப்பந்த வேலை, சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது. கிருமி உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால்கூட 1,000 தடவைக்கு 3 தடவைதான் தொற்றும் என்று நானே அவருக்குச் சொல்லித் தேற்றினேன், ஆனால் அந்த மூன்று மாதம் அவர் தன் பேத்தியைத் தூக்கவே இல்லை. கடைசியில் நெகட்டிவ்தான். அவருக்கு முன்னாடியே அந்த 72 மணி நேரத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், ஒரே வராண்டாவில் அவ்வளவு வருடம் வேலை பார்த்தோம்.

மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். இந்தக் கிருமி தானாகப் பெருக முடியாது, நம் அணுவுக்குள் புகுந்து, தன் குறிப்பை நம் அணுவின் மொழியில் எழுதி, அதை நம் மரபணுவுக்குள் செருகிவிட்டு, அப்புறம் நம் அணுவையே வேலை வாங்கித் தன்னைப் போல ஆயிரக்கணக்கில் செய்துகொள்ளும். டெனோஃபோவிரும் லாமிவுடினும் அது எழுதுவதைத் தடுக்கின்றன, டோலுடெகிராவிர் செருகுவதைத் தடுக்கிறது. ஏற்கெனவே செருகிக்கொண்டு தூங்குகிற சிலதை மட்டும் எந்த மாத்திரையாலும் இன்றுவரை வெளியே எடுக்க முடியவில்லை. அதனால்தான் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டியிருக்கிறது. நிறுத்தினால் தூங்கியது எழுந்துவிடும், சில வாரம் போதும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்குப் பழகிய கிருமி உருவாகிவிடும், அப்புறம் அந்த மருந்து அந்த ஆளுக்கு உதவாது.

இன்னும் சின்னச் சின்ன விஷயம் நிறைய இருக்கிறது, யாரும் எழுதுவதில்லை. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரையோடு வெறும் வயிற்றில் போட்டாலோ, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற மருந்தோடு சேர்த்துப் போட்டாலோ டோலுடெகிராவிர் உடம்பில் சரியாகச் சேராது, அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலோ ஆறு மணி நேரம் பின்னாலோ போட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இதை இரண்டு தடவையாவது சொல்ல வேண்டும், எல்லோரும் சத்து மாத்திரையையும் இதையும் ஒரே டப்பாவில் வைத்து ஒரே வாயில் போட்டுக்கொள்வார்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கு டோலுடெகிராவிர் மட்டும் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று கூடுதலாக வேண்டும். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும். எல்லாம் அந்த மையத்திலேயே பார்த்துக்கொள்வார்கள், மாத்திரை வாங்குகிற தேதியைத் தவறவிடாமல் போனால் சரி.

இப்போது எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம். ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவரின் ரத்தத்தில் கிருமியின் எண்ணிக்கை பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் மெஷினில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். வைரல் லோட் என்கிற சோதனையில் இதைப் பார்ப்பார்கள், அதுவும் இலவசம். அப்படித் தெரியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடிக்கிறவரிடமிருந்து உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் பரவாது. கம்மியாகப் பரவும் என்று சொல்லவில்லை, பரவாது என்றே சொல்கிறேன். ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 ஜோடிகளை வைத்து 9 நாடுகளில் ஒரு ஆய்வு நடந்தது, சென்னை, புணே ஜோடிகளும் அதில் இருந்தார்கள். சீக்கிரமே மருந்து தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-ல் முடிவு வந்தது. அதற்குப் பிறகு ஐரோப்பாவில், கிருமி கண்டறிய முடியாத அளவில் இருந்த ஜோடிகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள், ஆணுறை இல்லாத பல்லாயிரம் உறவுகளில் துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. தாய்ப்பாலுக்கும் பகிர்ந்த ஊசிக்கும் இந்தக் கணக்கை அப்படியே போடக் கூடாது, மற்ற பால்வினை நோய்களுக்கும் கர்ப்பத்துக்கும் ஆணுறை வேண்டியதுதான். ஆனால் கணவனும் மனைவியும் பயமில்லாமல் சேர்ந்து வாழலாம் என்பது எவ்வளவு பெரிய செய்தி! இதை உங்கள் முதல் பக்கத்தில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

குழந்தை விஷயமும் அப்படித்தான். மருந்தே இல்லாவிட்டால் தாயிடமிருந்து 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றிக்கொள்ளும். தாய் மாத்திரை சாப்பிட்டு, பிறந்த குழந்தைக்கு முதல் சில வாரம் சிரப் கொடுத்தால் 5-க்கும் கீழே வந்துவிடும். அதனால்தான் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தச் சோதனை, அதில் கேவலப்பட ஒன்றுமில்லை. பிறந்த குழந்தை ரத்தத்தில் தாயின் எதிர்ப்பொருள் கலந்திருக்கும் என்பதால் எங்கள் சாதாரண கிட் உதவாது. ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி அட்டையில் சொட்டுவிட்டு, காயவைத்து, கிருமியின் மரபணுவைத் தேடுகிற சோதனைக்கு அனுப்புவோம். கடைசியாக 18 மாதத்தில் ஒருதரம்.

அந்த 21 வயதுப் பெண்ணின் குழந்தைக்கு 18-வது மாதம் நான்தான் ரத்தம் எடுத்தேன். நெகட்டிவ். அடுத்த தை மாதம் காதுகுத்துக்குப் பத்திரிகை வைத்தார்கள். நான் வெளியில் பழகக் கூடாது என்று இருப்பவள், ஆனால் அதற்கு மட்டும் போனேன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தினார்கள், அன்றைக்கு வீட்டுக்குள் விடாத அதே அண்ணன். பந்தியில் பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி, நீ என்ன உறவம்மா என்று கேட்டது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இலையில் ரசம் ஊற்ற வந்த அந்தப் பெண்தான் சொன்னாள், “எங்க அக்காங்க ஆத்தா.”

எல்லாம் இப்படி முடியவில்லை. எட்டு வருடம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்ட ஒரு கொத்தனார், வைரல் லோட் தெரியாத அளவில் இருந்தவர், ஒரு மண்டலம் லேகியம் சாப்பிட்டால் கிருமியே போய்விடும் என்று யாரோ சொன்னதை நம்பி 30,000 ரூபாய் கடன் வாங்கிக் கட்டினார். மாத்திரையை நிறுத்தினால்தான் லேகியம் பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஏழு மாதம் கழித்து மூளையில் காசநோயோடு கொண்டுவந்தார்கள், பிழைக்கவில்லை. சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை, என் அம்மாவே கஷாயம் குடித்துத்தான் 84 வயது வரை இருந்தார். ஆனால் எய்ட்ஸைக் குணப்படுத்தும் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று மருந்துச் சட்ட விதிகளிலேயே இருக்கிறது. சுவரொட்டியிலும் யூடியூபிலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேட்பாரில்லை.

இன்னொன்றையும் மறக்க முடியவில்லை. 2018 கடைசியில் நம் மாநிலத்தில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏற்றப்பட்ட செய்தி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த ரத்தத்தைக் கொடுத்த இளைஞருக்குத் தனக்குத் தொற்று இருப்பதே தெரியாது. வெளிநாட்டு வேலைக்காக எடுத்த சோதனையில் தெரிந்ததும் தானாகவே போய்ச் சொன்னார், அவர் சொன்னதால்தான் விஷயமே வெளியில் வந்தது. சில நாளில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மருந்து இலவசமாகக் கிடைக்கிற ஊரில், கிருமிக்கு அந்தப் பையனை ஒன்றும் செய்ய நேரமே இருக்கவில்லை.

சட்டம் நம்மிடம் இருக்கிறது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, ஒருவரின் நிலையை வெளியில் சொல்லக் கூடாது, வேலை, பள்ளிக்கூடம், சிகிச்சை, வாடகை வீடு எதையும் இதற்காக மறுக்கக் கூடாது. மறுத்தால் மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாம். உங்கள் செய்தியில் வந்த குடும்பத்துக்கு வீடு மறுத்தது சட்டப்படி குற்றம் சொல்லக்கூடிய விஷயம், அந்த ஒரு வரி செய்தியில் இருந்திருந்தால் அவர்களுக்கும் தெரிந்திருக்கும், வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ‘ஆட்கொல்லி’, ‘உயிர்க்கொல்லி’, ‘எய்ட்ஸ் நோயாளி’ என்ற வார்த்தைகளை உங்கள் செய்தி அறையில் இன்றோடு நிறுத்துங்கள். எலும்புக்கூட்டுப் படத்தைப் போடாதீர்கள், படம் வேண்டுமென்றால் அந்த ஒரு மாத்திரையின் படத்தைப் போடுங்கள். உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 அன்று மட்டும் ஊர்வலப் படம் போட்டுவிட்டு மீதி வருடத்தில் குற்றச் செய்தி மாதிரி எழுத வேண்டாம். அப்புறம், எச்.ஐ.வி. பற்றி எது எழுதினாலும் அதன் கீழே 1097 என்ற இலவச உதவி எண்ணையும், பரிசோதனை நம்பிக்கை மையத்தில் இலவசம் என்பதையும் ஒரு வரி சேருங்கள். உங்கள் நிருபருக்கு விவரம் வேண்டுமென்றால் இந்தக் கடிதத்தோடு தனித்தாளில் என் எண்ணை எழுதியிருக்கிறேன், அது அச்சுக்கு வேண்டாம். காலையில் எட்டு மணிக்கு மேல் எப்போது கூப்பிட்டாலும் பேசுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர் ஒருவர்